விசிலுக்கும் காது உண்டு

கால்பந்து மேட்ச் பார்க்க உட்கார்ந்தால் வர்ணனையாளர் இதைச் சொல்லாமல் விடமாட்டார்: ‘சொந்த ஊர் ரசிகர்கள்தான் இந்த அணியின் பன்னிரண்டாவது ஆட்டக்காரர்!’ ஜெர்மனியின் பேயர்ன் மியூனிக் கிளப் இன்னும் ஒருபடி மேலே. 12-ம் நம்பர் சட்டையை எந்த ஆட்டக்காரருக்கும் தருவதில்லை. அது ரசிகர்களுக்காம்!

கேட்க ஜோராகத்தான் இருக்கிறது. ஆனால், நான் பி.காம். படித்தவன். பன்னிரண்டு பேர் ஆடினால் அது கணக்கில் தெரிய வேண்டாமா? இங்கிலாந்து பிரீமியர் லீகில், ஸ்டேடியம் நிரம்பி வழிகிற சீசனிலேயே சொந்த ஊர் அணி ஜெயிப்பது நூற்றுக்குச் சுமார் 45 ஆட்டம். பாதிகூடத் தேறவில்லை சார்! ஐரோப்பியக் கோப்பைகளில் 1970-களின் நடுவில் உள்ளூர் வெற்றி 61 சதவீதம், வெளியூர் வெற்றி 19. அது 47-க்கு 30 என்று சுருங்கிவிட்டது. வெளியூரில் போடுகிற கோலுக்குக் கூடுதல் மதிப்பு என்ற விதியை 2021-ல் ஐரோப்பியச் சங்கம் தூக்கிப் போட்டபோது, அதுவே காட்டிய கணக்கு இது.

‘கொரோனா சமயத்தில் என்ன ஆச்சு?’ என்று மடக்குவீர்கள். நியாயம்தான். பெரும்பாலும் காலி மைதானங்களில் நடந்த 2020-21 பிரீமியர் லீகில் உள்ளூர் அணிகள் ஜெயித்தது 144, வெளியூர் அணிகள் 153. அந்த நாட்டின் முதல் டிவிஷனில் அதற்குமுன் நடக்காத அதிசயம். லிவர்பூல் சொந்த மைதானத்தில் வரிசையாக ஆறு ஆட்டம் தோற்றது. அதற்கு முன்னால் அங்கே 68 லீக் ஆட்டங்கள் தோற்காமல் இருந்தார்களே, அதில் கடைசி சில மாதங்களும் கூட்டம் இல்லாமல் ஆடியவைதான். நடுவில் முழங்கால் போய்ப் படுத்தவர் வான் டைக். இதை யாரும் பேசுவதில்லை.

சரி, கூட்டத்துக்கு ஏதோ சக்தி இருக்கிறது. அது யாரிடம் வேலை செய்கிறது என்பதுதான் என் சண்டை. 2007-ல் இத்தாலியில் கலவரத்தில் ஒரு போலீஸ்காரர் இறந்து, பல ஸ்டேடியங்களைப் பூட்டி ஆட்டம் நடத்தினார்கள். ஸ்வீடன் பொருளாதார ஆய்வாளர்கள் இரண்டு பேர் அதை அலசினார்கள். கூட்டம் இருந்தாலும் இல்லாவிட்டாலும் ஆட்டக்காரர்கள் ஆடியது ஒரே மாதிரிதான். மாறியது நடுவர்! இங்கிலாந்தில் 40 நடுவர்களுக்கு ஒரே ஆட்டத்தின் 47 மோதல்களைப் போட்டுக் காட்டினார்கள். பாதிப் பேருக்கு இரைச்சலோடு, மீதிப் பேருக்கு ஊமைப்படமாக. இரைச்சல் கேட்டவர்கள் உள்ளூர் அணிமீது சுமார் 15 சதவீதம் குறைவாக ஃபவுல் கொடுத்தார்கள். ஸ்பெயினில் உள்ளூர் அணி ஒரு கோல் பின்தங்கினால் இஞ்சுரி டைம் நீள்கிறது. ஒரு கோல் முந்தினால் சுருங்குகிறது. கிட்டத்தட்ட இரண்டு மடங்கு வித்தியாசம்.

காசு வாங்கியா செய்கிறார்கள்? இல்லை, பாவம். ஐம்பதாயிரம் பேர் கத்துகிற இடத்தில் அவரும் மனுஷன்தான். ஆனால், இதற்குப் பெயர் ‘ரசிகர் பலம்’ என்றால் எனக்குக் கோபம் வருகிறது. வெளியூரிலிருந்து வந்து, முட்டி மோதி ஒரு பாயிண்டோடு ஊர் திரும்ப வேண்டிய சின்ன அணிக்கு விழுகிற வெட்டு அது. கிளப்காரர்களோ அதையே பெருமையாகப் பேசி, ‘நீங்கள் இல்லாமல் நாங்கள் இல்லை’ என்று சீசன் டிக்கெட் விற்கிறார்கள்.

பாஸ்கெட் பாலில் கடிகாரத்தை நிறுத்தி ஓட்டுவதற்கென்றே மேஜையில் தனியாக ஆள் உட்கார்ந்திருக்கிறார். பல கோடி புரளும் கால்பந்தில், எவ்வளவு நேரம் சேர்ப்பது என்பது இன்னமும் இரைச்சலுக்கு நடுவில் நிற்கிற நடுவர் கையில். முதலில் அந்தக் கடிகாரத்தை அவரிடமிருந்து வாங்கி, கண்ணாடிக் கதவு போட்ட அறைக்குள் வையுங்கள். 12-ம் நம்பர் சட்டையைப் பிறகு பார்க்கலாம்.