பெயர்ப்பலகை மாறியது, சாவி யாரிடம்?

தமிழ்நாட்டில் அரசுத் துறைகள் நடத்தும் பள்ளி, கல்லூரி மாணவர் விடுதிகள் இனி ‘சமூகநீதி விடுதிகள்’ என்று அழைக்கப்படும் என முதலமைச்சர் மு.க.ஸ்டாலின் 2025 ஜூலை 7 அன்று அறிவித்தார். 2,739 விடுதிகள், 1,79,568 மாணவர்கள் என்பது அன்று அரசு சொன்ன கணக்கு. ‘ஆதிதிராவிடர் நல விடுதி’ என்று நாம் இத்தனை காலம் அழைத்துவந்த கட்டடங்களும் இதில் அடங்கும்.

பெயரை மாற்றியதைக் குறை சொல்ல மாட்டேன். “எங்கப்பா தங்கியிருக்கே?” என்று கல்லூரியில் யாராவது கேட்டால், “ரூம் எடுத்திருக்கேன்” என்று பொய் சொல்லும் பிள்ளைகளை நமக்குத் தெரியும். வாசலில் எழுதியிருக்கும் பெயரே சாதியைச் சொல்லிவிடும் என்ற கூச்சம் அந்தப் பிள்ளையின் குற்றமல்ல. அப்படிக் கேட்டுத் தெரிந்துகொண்டு நடத்தையை மாற்றிக்கொள்ளும் ஊரின் குற்றம்.

ஆனால் பெயர்ப்பலகையைத் தாண்டி உள்ளே போனால் மூன்று கேள்விகள் பழையபடியே இருக்கின்றன. உள்ளே தங்க யாருக்கு உரிமை? விடுதியை நடத்துவது யார்? ஒரு மாணவரை வெளியே அனுப்பும் அதிகாரம் யாரிடம்? இந்த மூன்றுக்கும் விடை சொல்லும்போது, அங்கே தங்கும் மாணவருக்கு ஒரு வாய்கூட இல்லை என்பது தெரியும். அரசுத் தாளில் அவர் ‘பயனாளி’. விடுதியின் உறுப்பினர் அல்ல. இந்த ஒரு சொல்லை மாற்றாமல் சமூகநீதி என்ற சொல்லுக்கு முழுப் பொருள் வராது.

தங்க இடம் எதற்கு?

சோறும் பாயும் தரும் இடம்தானே விடுதி, அதற்கு ஏன் இவ்வளவு பேச்சு என்று கேட்பவர்கள் அண்ணல் அம்பேத்கரின் வாழ்க்கையைப் பார்க்கட்டும். 1913-இல் நியூயார்க்கின் கொலம்பியா பல்கலைக்கழகத்தில் சேர்ந்த அவர், அங்கே லிவிங்ஸ்டன் ஹால் என்ற மாணவர் இல்லத்தில் நவல் பதேனா என்ற பார்சி நண்பரோடு தங்கிப் படித்தார். அந்த இல்லத்தில் அவர் மற்றவர்களைப் போல ஒரு மாணவர். பட்டங்களோடு நாடு திரும்பி 1917-இல் பரோடா சமஸ்தான வேலைக்குப் போனபோது, தங்க ஓர் அறை கிடைக்கவில்லை. பார்சிப் பெயரைச் சொல்லி ஒரு பார்சி விடுதியில் தங்கினார். உண்மை தெரிந்ததும் தடியோடு வந்து நின்று வெளியேற்றினார்கள். எவ்வளவு படித்திருந்தாலும், தங்கும் இடத்தில் உரிமை இல்லாதவருக்கு ஊரில் நிற்க இடமில்லை.

அவர் உருவாக்கிய பகிஷ்கிருத ஹிதகாரிணி சபை 1925-இல் சோலாப்பூரில் ஒடுக்கப்பட்ட மாணவர்களுக்கு விடுதி திறந்தது. அமைப்பின் தொடக்க காலப் பணிகளிலேயே ஒன்றாக விடுதி அமைந்தது தற்செயல் அல்ல.

நம் பக்கத்திலும் அந்த வரலாறு உண்டு. கள்ளக்குறிச்சி அன்று தென்னார்க்காடு மாவட்டத்தில் இருந்தது. அந்த மாவட்டத்தின் சிதம்பரத்தில் சுவாமி சகஜானந்தர் 1916-இல் நந்தனார் கல்விக் கழகத்தைத் தொடங்கிப் பள்ளியும் விடுதியும் நடத்தினார். ஊர்ஊராகப் போய்ப் பிள்ளைகளை அழைத்துவந்து தங்கவைத்துப் படிக்கவைத்தார். ஏனென்றால், சேரியிலிருந்து பள்ளிக்கு வரும் பாதையே அன்று தடைபட்ட பாதை. தங்க இடம் கொடுத்தால்தான் பள்ளிக்கூடம் என்ற சொல்லுக்கே பொருள்.

உள்ளே யார்?

ஆதிதிராவிடர் நல விடுதிகளில் இடம் தருவதற்கு ஒரு விகிதம் உண்டு. 100 இடத்தில் 85 இடம் ஆதிதிராவிடர், பழங்குடியினர், கிறித்தவ மதம் மாறிய ஆதிதிராவிடர்களுக்கு. 10 இடம் பிற்படுத்தப்பட்ட, மிகவும் பிற்படுத்தப்பட்ட வகுப்பினருக்கு. 5 இடம் மற்றவர்களுக்கு. வீட்டுக்கும் படிக்கும் இடத்துக்கும் குறைந்தது 5 கிலோமீட்டர் தூரம் இருக்க வேண்டும். மாணவிகளுக்கு இந்தத் தூர விதி இல்லை.

எல்லாச் சாதிப் பிள்ளையும் சேர்ந்து தங்கட்டும் என்பதற்குத்தான் அந்த 10-உம் 5-உம். நல்ல ஏற்பாடு. ஆனால் வாசலில் பெயர் போன பிறகு, அந்த 85 எங்கே எழுதப்பட்டிருக்கிறது? பொதுப்பெயர் வைத்த இடம் நாளடைவில் பொது இடமாகி, அந்த 85-இல் கை வைக்கப்படுமோ என்ற அச்சம் நம் மக்களிடம் இருக்கிறது. அதைச் சந்தேகப் புத்தி என்று ஒதுக்கக் கூடாது. பெயர் வெளியே போகலாம். உரிமை உள்ளே எழுதப்பட்டிருக்க வேண்டும். ஒவ்வொரு விடுதியிலும் மொத்த இடம் எத்தனை, விகிதம் என்ன, காலியிடம் எத்தனை என்று ஒரு பலகையில் எழுதிவைக்க என்ன செலவாகிவிடும்?

காலியிடத்தைச் சொல்லக் காரணம் உண்டு. பதிவேட்டில் இருக்கும் தலையும் இரவில் பாயில் இருக்கும் தலையும் ஒத்துப்போகாத விடுதி புதிய செய்தி அல்ல. இன்னொரு பக்கம், பதிவேட்டில் பெயர் இல்லாமல் நண்பனின் பாயில் ஒதுங்கி, நண்பனின் தட்டில் பாதி சாப்பிட்டுப் பட்டப்படிப்பை முடித்த பிள்ளைகளும் உண்டு. இரண்டும் ஒரே நோயின் இரண்டு முகம். யார் உறுப்பினர் என்பது திறந்த பட்டியலாக இல்லாத இடத்தில்தான் இரண்டும் நடக்கும்.

கல்வராயன் மலைக்கு இந்தக் கேள்வி இன்னும் கூர்மையானது. வெள்ளிமலை, சேராப்பட்டு, இன்னாடு பக்கத்து மலையாளி பழங்குடிக் குடும்பங்களில் அப்பாவும் அம்மாவும் வேலை தேடி வெளி மாவட்டம், வெளி மாநிலம் போய்விடும் மாதங்கள் உண்டு. அந்த மாதங்களில் உண்டு உறைவிடப் பள்ளிதான் பிள்ளைக்கு வீடு. காய்ச்சல் வந்தால் கஞ்சி கொடுப்பதும் அந்த வீடுதான். அங்கே நடப்பதைக் கேட்கப் பெற்றோர் பக்கத்தில் இல்லை என்றால், கேட்பதற்கு வேறு ஏற்பாடு வேண்டாமா?

2024 ஜூனில் கள்ளக்குறிச்சி கருணாபுரத்தில் விஷச் சாராயம் 60-க்கும் மேற்பட்ட உயிர்களைக் குடித்தது. பெற்றோரை இழந்த பிள்ளைகளின் கல்விச் செலவையும் விடுதிச் செலவையும் அரசே ஏற்கும் என்று அப்போது அறிவிக்கப்பட்டது. அதன் தொடர்ச்சியாகக் கல்வராயன் மலை மக்களின் நிலை குறித்துச் சென்னை உயர் நீதிமன்றம் தானாக முன்வந்து வழக்கு எடுத்தது. அந்த வழக்கின் விசாரணையில்தான், அரசுப் பள்ளியின் பெயரில் ‘பழங்குடியினர்’ என்று ஏன் இருக்க வேண்டும் என்று நீதிபதிகள் கேட்டார்கள். பெயர் பற்றிய விவாதம் நம் மலையிலிருந்தே கிளம்பியது. அது பெயரோடு நின்றுவிடாமல் நிர்வாகம் வரை போக வேண்டும்.

நடத்துவது யார்?

விடுதிக்குக் காப்பாளர் ஒருவர். பள்ளி விடுதிகளில் பெரும்பாலும் நலப்பள்ளி ஆசிரியர்தான் காப்பாளராக வருகிறார். அவருக்கு மேலே தனி வட்டாட்சியர், மாவட்ட நல அலுவலர், ஆட்சியர். மலையில் என்றால் பழங்குடியினர் நலத் திட்ட அலுவலர். ஏணி முழுக்க மேல்நோக்கியே போகிறது. காப்பாளர் பதில் சொல்ல வேண்டியது மேலே இருப்பவருக்கு. தட்டை நீட்டும் பிள்ளைக்கு அல்ல.

பணக் கணக்கைப் பாருங்கள். 2023-இல் உணவுப்படி உயர்த்தப்பட்டு, பள்ளி மாணவருக்கு மாதம் 1,400 ரூபாய், கல்லூரி மாணவருக்கு 1,500 ரூபாய் என்று ஆனது. 30 நாளுக்கு வகுத்தால் பள்ளிப் பிள்ளைக்கு ஒரு நாளைக்கு 46 ரூபாய் சில்லறை, மூன்று வேளைக்கு. கல்லூரி மாணவருக்கு 50 ரூபாய். கள்ளக்குறிச்சி பேருந்து நிலையத்துக்குப் பக்கத்தில் இந்தப் பணத்தில் மூன்று வேளை சாப்பிட முடியுமா என்று யார் வேண்டுமானாலும் பார்த்துக்கொள்ளலாம். இவ்வளவு குறைந்த பணத்தில் ஒரு ரூபாய் வழியில் சிந்தினாலும் அது தட்டில் தெரியும். 100 பிள்ளைகள் உள்ள பள்ளி விடுதிக்கு மாதம் 1,40,000 ரூபாய். அந்தக் கணக்கை அந்த 100 பிள்ளைகளில் ஒருவராவது பார்த்திருக்கிறாரா?

மாணவர்கள் கணக்குப் பார்ப்பது நடக்காத காரியம் அல்ல. நான் தமிழ் முதுகலை படித்தபோது தங்கிய கல்லூரி விடுதியில் ‘டிவைடிங்’ முறை இருந்தது. மாதச் செலவைக் கூட்டி, சாப்பிட்ட நாள்களுக்கு வகுத்து, தலைக்கு இவ்வளவு என்று பலகையில் ஒட்டுவோம். மாணவப் பிரதிநிதிகள் இரண்டு பேர் சமையலரோடு காய்கறிக் கடைக்குப் போவார்கள். அரிசி மூட்டையை எண்ணி இறக்குவார்கள். சண்டை வரும், சத்தம் வரும். ஆனால் குழம்பு தண்ணீராக இருந்தால் ஏன் என்று எல்லோருக்கும் தெரியும்.

தில்லி ஜவாஹர்லால் நேரு பல்கலைக்கழகத்தில் ஒவ்வொரு விடுதியிலும் மாணவர்கள் தேர்ந்தெடுத்த தலைவர், உணவுச் செயலாளர் உண்டு. 2019 அக்டோபர் 28 அன்று, மாணவர் பிரதிநிதிகளைக் கலக்காமலே விடுதிக்குப் புதிய விதிநூல் ஒப்புக்கொள்ளப்பட்டது. தனி அறை வாடகை மாதம் 20 ரூபாயிலிருந்து 600 ரூபாய். இருவர் தங்கும் அறைக்கு 10 ரூபாயிலிருந்து 300 ரூபாய். ஏழை வீட்டுப் பிள்ளைகள் வெளியே போக வேண்டியதுதான் என்ற நிலை. மாணவர்கள் தெருவுக்கு வந்தார்கள். நவம்பர் 13-இல் உயர்வின் ஒரு பகுதி திரும்பப் பெறப்பட்டது. கட்டணத்துக்கு எதிரான போராட்டம் என்றுதான் ஊடகங்கள் சொல்லின. அதன் அடியில் இருந்த கேள்வி, எங்கள் வீட்டின் விதியை எங்களைக் கேட்காமல் எப்படி எழுதினீர்கள் என்பதுதான். அங்கே பிரதிநிதிகள் இருந்ததால் இந்தக் கேள்வியைக் கேட்க முடிந்தது.

2025-இல் கல்வராயன் மலையின் சேலம் பக்கத்தில், கருமந்துறை அரசு உண்டு உறைவிடப் பள்ளியில் படித்த பழங்குடி மாணவி ஒருவர் நுழைவுத் தேர்வில் வென்று சென்னை ஐ.ஐ.டி.யில் இடம் பிடித்தார். மலையே கொண்டாடியது. ஐ.ஐ.டி.யில் விடுதி விவகாரங்களுக்கு என்றே மாணவர்களால் தேர்ந்தெடுக்கப்பட்ட செயலாளர் உண்டு. மலைப்பிள்ளைக்கு அந்த உரிமை கிடைக்க ஐ.ஐ.டி. வரை போக வேண்டுமா?

வெளியே அனுப்புவது யார்?

மூன்றாவது கேள்விதான் உயிர் சம்பந்தப்பட்டது. ஐதராபாத் மத்தியப் பல்கலைக்கழகத்தில் அம்பேத்கர் மாணவர் சங்கத்தைச் சேர்ந்த ஐந்து தலித் ஆய்வு மாணவர்களை நிர்வாகம் விடுதியிலிருந்து விலக்கியது. மாணவர் தேர்தலில் போட்டியிடவும் தடை. 2016 ஜனவரித் தொடக்கத்தில் அறைகளை விட்டு வெளியேறிய அவர்கள், வளாகத்திலேயே திறந்த வெளியில் தங்கினார்கள். அந்த இடத்துக்கு அவர்கள் வைத்த பெயர் ‘வெலிவாடா’. ஊருக்கு வெளியே ஒதுக்கப்பட்ட சேரியைக் குறிக்கும் தெலுங்குச் சொல். அந்த ஐவரில் ஒருவரான ரோகித் வெமுலா ஜனவரி 17 அன்று உயிரை மாய்த்துக்கொண்டார்.

விடுதியை விட்டு விலக்குவதை ஒழுங்கு நடவடிக்கை என்று தாளில் எழுதிவிடலாம். நம் பிள்ளைக்கு அது படிப்பை விட்டு விலக்குவது. நகரத்தில் வாடகைக்கு அறை தேடும் தலித் மாணவரிடம் வீட்டுக்காரர் கேட்கும் முதல் கேள்வி என்ன என்று நமக்குத் தெரியும். பரோடா இன்னும் முடியவில்லை.

உள்ளே இருக்கும்போதே ஒதுக்கப்படுவதும் உண்டு. தில்லி எய்ம்ஸ் மருத்துவக் கல்லூரியை ஆராய்ந்த தோரட் குழு 2007-இல் தந்த அறிக்கை, பட்டியல் சாதி, பழங்குடி மாணவர்கள் விடுதியில் சில தளங்களுக்கு ஒதுங்கும்படி நெருக்கப்பட்டதைப் பதிவு செய்தது. நாட்டின் முதன்மையான மருத்துவக் கல்லூரியில் இந்த நிலை. ஆகவே, யாரையும் வெளியேற்றும் முன் எழுத்தில் காரணம் சொல்ல வேண்டும். அந்த மாணவரின் பக்கத்தைக் கேட்க வேண்டும். கேட்கும் குழுவில் மாணவர் பிரதிநிதியும் வெளியாள் ஒருவரும் இருக்க வேண்டும். மேல்முறையீடு முடியும்வரை பிள்ளை விடுதியில் இருக்க வேண்டும். இது சலுகை அல்ல. குற்றம் சாட்டப்பட்டவரைக் கேட்காமல் தண்டிக்கக் கூடாது என்ற சாதாரண நீதி.

இப்போது செய்யக்கூடியது

2009 கல்வி உரிமைச் சட்டம் அரசுப் பள்ளிக்கு மேலாண்மைக் குழு வேண்டும், அதில் நான்கில் மூன்று பங்கு பெற்றோராக இருக்க வேண்டும் என்று சொல்கிறது. பள்ளி மணி அடித்த பிறகு பிள்ளை போகும் விடுதிக்கு அந்தச் சட்டம் அப்படி ஒரு குழுவைச் சொல்லவில்லை. பகலுக்கு ஒரு சட்டம், இரவுக்கு இல்லை. அரசு விரும்பினால் ஓர் ஆணையில் இதைச் சரிசெய்யலாம்: விடுதிதோறும் மாணவர்கள் தேர்ந்தெடுக்கும் பிரதிநிதிகள், பெற்றோர், காப்பாளர், சமையலர் கொண்ட குழு, மாதம் ஒரு கூட்டம், கூட்டக் குறிப்பும் உணவுக் கணக்கும் பலகையில். மாணவியர் விடுதியில் குழுவின் தலைமை பெண்ணிடம். சமையலரைச் சேர்க்கச் சொல்வதற்குக் காரணம், பணம் குறைந்தாலும் பொருள் குறைந்தாலும் முதலில் திட்டு வாங்குவது அவர்தான்.

குழு ஏற்கெனவே தாளில் இருக்கிறது என்று ஒரு அலுவலர் சொல்லக்கூடும். அப்படியானால் அது கடைசியாக எப்போது கூடியது, யார் கையெழுத்திட்டார்கள் என்று கேளுங்கள். தகவல் உரிமைச் சட்டத்தில் கேட்கப் பத்து ரூபாய் போதும். கிராம சபையில் கேட்கக் காசே வேண்டாம். ஜனவரி 26, மே 1, ஆகஸ்ட் 15, அக்டோபர் 2 என்று சபை கூடும் நாள்களில், சாலை, தண்ணீர், தெருவிளக்கோடு, நம் ஊர்ப் பிள்ளைகள் தங்கும் விடுதியையும் தீர்மானத்தில் ஏற்றுங்கள். மலையில் ஊர்க்கூட்டம் இன்னும் உயிரோடு இருக்கிறது. அங்கே இதைப் பேசலாம்.

விடுதியில் இருக்கும் தம்பி, தங்கைகளுக்கு ஒரு சொல். குழு வரும்வரை காத்திருக்க வேண்டாம். இந்த மாதமே உங்களுக்குள் இரண்டு பேரைத் தேர்ந்தெடுங்கள். ஒரு நோட்டு போடுங்கள். தினமும் மூன்று வேளை என்ன போட்டார்கள், எத்தனை பேர் சாப்பிட்டார்கள், கழிவறையில் தண்ணீர் வந்ததா, காப்பாளர் இரவில் இருந்தாரா என்று நாலு வரி எழுதுங்கள். கோபமாக எழுத வேண்டாம்; தேதி போட்டு எழுதுங்கள். ஆய்வுக்கு எந்த அதிகாரி வந்தாலும் அந்த நோட்டை நீட்டுங்கள். வாசலில் சமூகநீதி என்று எழுதியாயிற்று. அந்த நோட்டை வாங்கிப் படித்துக் கையெழுத்துப் போட வேண்டியது இனி அவர்கள் பொறுப்பு.