பழகிய கை அறியாத தளர்வு

நாள்தோறும் காணும் பிள்ளையின் வளர்ச்சி பெற்றோரின் கண்ணுக்குப் புலப்படுவதில்லை. ஆறு மாதங் கழித்து வரும் அம்மான்தான், "என்ன, இப்படி வளர்ந்துவிட்டான்!" என்று வியப்பார். பழைய வானின் சுக்கானும் இத்தகையதே. அதன் மூட்டுக்கள் ஒரு நாளிலே தேய்வது மயிரிழையளவும் இல்லை. சாரதியின் கையும் அத்தேய்வுக்கேற்ப நாளுக்கு நாள் பழகிக்கொள்கிறது. ஆகவே, "என் வான் நன்றாகத்தான் ஓடுகிறது" என அவர் கூறுவது பொய்யன்று. ஆனால் அது சான்றும் ஆகாது.

இவ்விடயம் நம் குடும்பங்களுக்கு மிக நெருங்கியது. 2020 இல் வாகன இறக்குமதி நிறுத்தப்பட்டது. தனியார் வாகனங்களுக்கு 2025 இலேயே மீண்டும் வழி திறந்தது. இடைப்பட்ட ஆண்டுகளில் உள்ள வான்களே உழைக்க வேண்டியவையாயின. 'டொல்பின்' என நம்மவர் அழைக்கும் டொயோட்டா ஹயேஸ், 1989 இல் வெளிவந்த வகையைச் சேர்ந்தது. அவ்வகை வான்கள் இன்றும் பாடசாலைப் பிள்ளைகளை ஏற்றிச் செல்வதைக் காண்கிறோம். வருடாந்த வரி அனுமதிப்பத்திரத்துக்காகப் பெறும் புகைச் சான்றிதழோ புகையை மாத்திரமே அளக்கிறது. சுக்கானின் தளர்வை அது அறியாது.

சிறிய தளர்வினால் என்ன நேரும் என்பதை மாணவர் கணக்கிட்டே காணலாம். சில்லைத் திருப்பும் கையின் நீளம் 15 சென்ரிமீற்றர் எனவும், அதன் நுனியில் 1 மில்லிமீற்றர் தளர்வு உண்டு எனவும் கொள்வோம். அப்பொழுது சில்லு 150 இல் ஒரு பங்கு ஆரையன் திரும்ப இடமுண்டு. முன்னச்சுக்கும் பின்னச்சுக்கும் இடைத்தூரம் 2.5 மீற்றராயின், முன்சில்லுகள் அவ்வளவு திரும்பிய வான் 375 மீற்றர் ஆரையுடைய வட்டத்திலே செல்லும். மணிக்கு 60 கிலோமீற்றர் வேகத்தில் ஒரு விநாடியில் அது முன்செல்லும் தூரம் ஏறக்குறைய 16.7 மீற்றர், நேர்கோட்டிலிருந்து விலகும் தூரம் ஏறக்குறைய 37 சென்ரிமீற்றர். நமது ஒடுங்கிய வீதிகளில் எதிரே பேருந்து வரும்போது 37 சென்ரிமீற்றர் சிறிய தூரமா?

ஆகையால் மாதம் ஒருமுறை அளந்து பார்ப்பதே அறிவுடைமை. வானைச் சமதரையில், முன்சில்லுகள் நேராக நிற்க நிறுத்துக. பவர் ஸ்ரியரிங் உள்ள வானாயின் எஞ்சின் ஓடிக்கொண்டிருக்கட்டும். ஒருவர் சுக்கான் வளையத்தை மெல்ல இருபுறமும் அசைக்க, மற்றொருவர் வெளியே நின்று சில்லைக் கவனிக்க வேண்டும். சில்லு அசையத் தொடங்குமுன் வளையத்தின் விளிம்பு எவ்வளவு நகர்கிறது என்பதை அடிமட்டத்தால் அளந்து, திகதியுடன் ஒரு கொப்பியில் எழுதிக்கொள்க. டொயோட்டாவின் பல கைநூல்கள் இதற்கு 30 மில்லிமீற்றரை எல்லையாகக் கூறுகின்றன. எல்லையை எட்டும்வரை காத்திருக்க வேண்டுவதில்லை. சென்ற மாதம் 12 ஆக இருந்தது இம்மாதம் 20 ஆனால், அதுவே போதிய எச்சரிக்கை.

அடுத்த சோதனையைத் திருத்துநர் ஒருவரைக்கொண்டு செய்விப்பது நன்று. கைத்தடுப்பை இட்டு, பின்சில்லுகளுக்குக் கட்டை வைத்து, முன்சில்லை ஜக்கினால் உயர்த்தி, வானை உறுதியான தாங்கியின் மேல் இறக்க வேண்டும். ஜக்கை மாத்திரம் நம்பி எவரும் வானின் கீழ் நுழையலாகாது. சில்லின் இடவலப் பக்கங்களைப் பிடித்து ஆட்டும்போது தட்டும் ஒலி கேட்டால், பெரும்பாலும் ரை றொட் முனை தேய்ந்திருக்கும். மேலும் கீழும் பிடித்து ஆட்டும்போது அசைவு தோன்றினால் ஒருவர் பிறேக்கை மிதிக்க வேண்டும். அசைவு மறைந்தால் குற்றம் சில்லின் பெயாரிங்கில். மறையாவிடின் போல் ஜொயின்ற்றில் ஐயங்கொள்ள வேண்டும். போல் ஜொயின்ற் கழன்றால் சில்லு மடங்கிச் சாய்ந்துவிடும். அதன்பின் எத்துணைத் தேர்ந்த சாரதியும் செய்வதற்கு ஒன்றுமில்லை. அத்தகைய ஐயம் எழுந்த வானில் மறுநாட் காலை பிள்ளைகளை ஏற்றுதல் தகாது.

ரயரும் ஒரு பதிவேடே. உள்விளிம்பு அல்லது வெளிவிளிம்பு மாத்திரம் தேய்ந்திருந்தால் சில்லின் சாய்வோ நேரோ பிழைத்துள்ளது. தடவும்போது ஒரு திசையில் வழவழப்பும் மறுதிசையில் அரம்போன்ற சொரசொரப்பும் தெரிந்தால், இரு முன்சில்லுகளும் ஒன்றுக்கொன்று நேராக ஓடவில்லை. ஆங்காங்கே குழிகள் விழுந்திருந்தால் ஷொக் அப்சோபரையும் மூட்டுக்களையும் பார்க்க வேண்டும்.

ஷொக் அப்சோபரைப் பற்றித் தவறான எண்ணமொன்று பரவலாக உண்டு. வானைத் தாங்குவது அதுவன்று; வில்லே தாங்குகிறது. டொல்பின் வானின் முன்புறத்தில் 'தோர்ஷன் பார்' எனக் கராச்சில் வழங்கும் முறுக்குக் கோலும், பின்புறத்திற் பெரும்பாலும் தகட்டு வில்லும் இவ்வேலையைச் செய்கின்றன. வில் சக்தியைச் சேமித்து மீண்டும் கொடுத்துவிடும். அச்சக்தியை வெப்பமாக்கிச் செலவிட்டு, ஆட்டத்தை அடக்குவதே ஷொக் அப்சோபரின் தொழில். ஆகவே பின்புறம் தாழ்ந்துபோன வானுக்கு அதை மாற்றினாற் போதாது. தகடு உடைந்துள்ளதா, அச்சைப் பிணைக்கும் யூ போல்ட் தளர்ந்துள்ளதா எனப் பார்க்க வேண்டும். முன்புறம் தாழ்ந்தால் முறுக்குக் கோலின் போல்ட்டை இறுக்கி உயர்த்துவர். அதனால் உயரம் கூடுமேயன்றிக் கோல் புதிதாகிவிடாது. சில்லின் நேரும் மாறிவிடும்.

பணத்தை வீணாக்காமல் வேலை செய்விக்க மூன்று ஒழுங்குகளை மறவாதிருத்தல் வேண்டும். முதலாவது, தேய்ந்தவற்றை மாற்றிய பின்னரே வீல் அலைன்மென்ற் செய்விக்க வேண்டும். ஆடும் மூட்டில் எடுத்த அளவு அடுத்த குழியில் மாறிப்போகும். இரண்டாவது, றப்பர் புஷ்களின் போல்ட்டுக்களை வானின் பாரம் சில்லுகளின்மேல் இறங்கிய பின்னரே முற்றாக இறுக்க வேண்டும். அந்தரத்தில் தொங்கும்போது இறுக்கினால், பாரம் இறங்கியதும் றப்பர் முறுகி விரைவிற் கிழியும். மூன்றாவது, மூட்டின் நட்டுக்குப் பூட்டாக இடும் கொட்டர் பின்னை ஒவ்வொரு முறையும் புதிதாக இட வேண்டும். துளை நேராகாவிடின் நட்டைச் சற்று மேலும் இறுக்கலாம், தளர்த்தலாகாது. மூட்டின் றப்பர் உறை கிழிந்ததை உடனே கவனியாவிடின், மழைநீரும் புழுதியும் புகுந்து கிறீஸைக் கெடுத்துச் சில மாதங்களில் மூட்டையே தின்றுவிடும்.

இவற்றையெல்லாம் சாரதியின் தலையில் மாத்திரம் சுமத்துதல் நியாயமன்று. மாதக் கட்டணத்திலிருந்து எரிபொருளும் ரயரும் வாங்கி, மிச்சத்திலே குடும்பத்தையும் நடத்துபவர் அவர். திருத்த வேலைக்கு வான் ஒரு நாள் நின்றால் அன்றைய குறை கேட்கப் பலர் உளர். வேலை முடிந்ததா என விசாரிப்பவர் சிலரே. ஒரே வானிற் பிள்ளைகளை அனுப்பும் பெற்றோர் ஒன்றுகூடி, தவணை விடுமுறையில் வானைக் கராச்சுக்கு விட ஒழுங்குசெய்து, செலவில் ஒரு பங்கையும் ஏற்கலாம். அளவு எழுதும் கொப்பியை மூத்த மாணவர் ஒருவர் பொறுப்பேற்கட்டும். சாரதியின் கை தளர்வுக்குப் பழகிவிடும். அடிமட்டம் ஒருநாளும் பழகாது.