ஒன்பதரை மணியின் ஓனரம்மா

ஒரு சின்ன க்விஸ். ராதிகா என்ன வேலை பார்த்தவர்?

"இதெல்லாம் ஒரு கேள்வியா? நடிகை!"ன்னு பட்டுனு சொல்லியிருப்பீங்க. கொஞ்சம் குசும்பு ஜாஸ்தி உள்ளவங்க, "சீரியல்ல அழுற வேலை"ன்னு எக்ஸ்ட்ரா பிட்டும் போட்டிருப்பீங்க. பாதி மார்க்தான் தர முடியும். மீதி மார்க் வேணும்னா அப்படியே எங்க மறைமலை நகர் வரைக்கும் ஒரு நடை வாங்க.

ஜி.எஸ்.டி. ரோட்டை விட்டு இண்டஸ்ட்ரியல் எஸ்டேட் உள்ளே திரும்பினா, பத்து பேர் வேலை செய்யிற குட்டிக் குட்டிப் பட்டறைகள் நிறைய இருக்கும். முக்கால்வாசி 'ஜாப் வொர்க்'. பெரிய கம்பெனி டிராயிங் கொடுக்கும், மெட்டீரியலும் கொடுக்கும். கடைஞ்சு, துளை போட்டு, பர் எடுத்துத் திருப்பிக் கொடுத்தா பீஸுக்கு இத்தனை ரூபாய்னு கூலி. பெரிய ரிஸ்க் கிடையாது. ஆனா அந்த பீஸ் மேல உங்க பேர் இருக்காது. கார் லட்சக்கணக்குல வித்தாலும் உங்களுக்கு அதே கூலிதான். சொந்தமா ஒரு பொருள் செஞ்சு சொந்தப் பேர்ல விக்கிறது வேற கதை. வித்தா லாபம், விக்கலைன்னா வீட்டுப் பத்திரம் பேங்க்ல தூங்கும்.

டி.வி. உலகத்துலயும் இதே ரெண்டு வழிதான். ஒரு வழியில, சேனல் தயாரிப்பாளருக்கு எபிசோடுக்கு இவ்வளவுன்னு கொடுத்துடும், உரிமையைத் தானே வெச்சுக்கும். அச்சு அசல் ஜாப் வொர்க். இன்னொரு வழி 'ஸ்லாட்'. சேனலுக்குப் பணம் கட்டி அரை மணி நேரத்தைத் தயாரிப்பாளரே வாங்கணும். அதுல வர்ற விளம்பர நேரத்துல ஒரு பங்கு அவருக்கு. அதைத் தூக்கிக்கிட்டு சோப்பு, டீத்தூள், மசாலாத்தூள் கம்பெனின்னு ஏறி இறங்கி வித்துக்கணும். ரேட்டிங் விழுந்தா விளம்பரம் விழும், ஆனா சேனலுக்குக் கட்ட வேண்டிய பணம் அப்படியே நிக்கும். பேர் போன தமிழ் சீரியல்கள் பல இப்படித்தான் வளர்ந்துச்சு. ராதிகாவோட ராடான் நிறுவனம் எடுத்தது இந்த ரெண்டாவது வழி. சீரியலை எடுத்தாங்க, ராத்திரி நேரத்துக்குப் பணம் கட்டினாங்க, அந்த சீரியலுக்கு ஹீரோயினும் அவங்களே. இப்போ புரியுதா, நான் ஏன் பாதி மார்க்கைக் கட் பண்ணினேன்னு?

ஃப்ளாஷ்பேக். 1978-ல பாரதிராஜாவோட 'கிழக்கே போகும் ரயில்'. அதுதான் முதல் படம். எம்.ஆர்.ராதாவோட பொண்ணு ரயில் மாதிரி சினிமாவுக்குள்ள வந்தாச்சு. 1985-ல இன்னும் சுவாரஸ்யம். 'முதல் மரியாதை'யில ராதா பேசுற குரல் ராதிகாவோடது. அதே வருஷம் 'மீண்டும் ஒரு காதல் கதை'ன்னு ஒரு படத்தைத் தயாரிச்சாங்க. பிரதாப் போத்தன் இயக்கினது. அறிமுக இயக்குநருக்கான தேசிய விருது அதுக்குக் கிடைச்சது. கணக்குப் போட்டுப் பாருங்க, தயாரிப்பாளருக்கு அப்போ வயசு இருபத்தி மூணு கூட முடிஞ்சிருக்காது. நம்ம வயசுலருந்து எட்டிப் பார்க்கிற தூரம்தான். நாம இங்கே செமஸ்டர் ஃபீஸுக்கே அப்பா முகத்தைப் பார்த்துக்கிட்டு நிக்கிறோம்!

டி.வி.க்கு வந்த கதையில சுஹாசினியைத் தாண்டிப் போக முடியாது. அடையாறு திரைப்படக் கல்லூரியில ஒளிப்பதிவு படிச்சவர். கேமராவுக்குப் பின்னாடி நிக்க வந்தவரை 'நெஞ்சத்தைக் கிள்ளாதே' 1980-ல முன்னாடி இழுத்து நிறுத்திச்சு. அப்புறம் 'சிந்து பைரவி'க்கு தேசிய விருது. 1991-ல தூர்தர்ஷனுக்காக 'பெண்'ன்னு ஒரு தொடரை இயக்கினார். தனித்தனிக் கதைகள், ஒவ்வொண்ணுலயும் ஒரு பெண்தான் நடு நாயகம். ரேவதி, ஷோபனான்னு சினிமாவுல கொடி கட்டினவங்க நடிச்சாங்க. ராதிகாவும்தான். சின்னத்திரைன்னா மார்க்கெட் போனவங்க ஒதுங்கிற இடம்னு அன்னிக்கு இருந்த நினைப்புக்கு அது ஒரு குட்டு. சுஹாசினி அடுத்து 1995-ல 'இந்திரா' படத்தை இயக்கினார். என் டேஸ்ட்டைக் கேட்டா, ஒரு கதையைச் சொல்லி முடிச்சுட்டு எழுந்து போற 'பெண்' பாணிதான் எனக்குப் பிடிக்கும். ஆனா அந்தப் பாணியில வாரத்துல அஞ்சு நாள் அடுப்பெரியாதே!

அடுப்பு எரிஞ்சது 1999-ல. அந்த வருஷக் கடைசியில ரெண்டு விஷயம் நடந்துச்சு. எங்க ஊர் ஃபோர்டு தொழிற்சாலையிலருந்து 'ஐகான்' கார் ரோட்டுக்கு வந்துச்சு. சன் டி.வி.யில 'சித்தி' வந்துச்சு. ரெண்டும் தினசரி உற்பத்தி. சித்தின்னாலே கொடுமைக்காரின்னு இருந்த ஃபார்முலாவைத் திருப்பிப் போட்டு, சாரதான்னு ஒரு நல்ல சித்தி. சி.ஜே.பாஸ்கர் இயக்கம். புருஷனா நடிச்சது சிவகுமார். தினா இசையில நித்யஸ்ரீ பாடின டைட்டில் பாட்டு கேட்டதும் தெருவே அடங்கிடும்னு எங்க அம்மா இப்பவும் சொல்வாங்க. நைட் ஒன்பதரைக்குள்ள தோசை ஊத்தி முடிச்சுடணும்கிறது அப்போ எழுதாத சட்டமாம். 2001 வரைக்கும் 450 எபிசோடுக்கு மேல ஓடிச்சு. தெலுங்குல 'பின்னி'ன்னு டப் ஆகி அங்கேயும் ஒரு ரவுண்டு வந்துச்சு. ஒரே அச்சு, ரெண்டு மார்க்கெட்! கூலிக்குக் கடைஞ்சு கொடுத்திருந்தா இந்த ரெண்டாவது மார்க்கெட் யாருக்குப் போயிருக்கும்னு யோசிங்க.

அப்புறம் அண்ணாமலை (2002), செல்வி (2005), அரசி (2007), செல்லமே (2009), வாணி ராணி (2013). நடுவுல கம்பெனி பங்குச் சந்தைக்கே போயிடுச்சு.

'வாணி ராணி'யில வக்கீல் வாணி, குடும்பத் தலைவி ராணின்னு ரெண்டு வேஷம். 2018 வரைக்கும் 1,700 எபிசோடுக்கு மேல. விளம்பரம் போக ஒரு எபிசோடுக்கு 20 நிமிஷம்னு வெச்சாலும் 34,000 நிமிஷம். கால்குலேட்டரைத் தட்டினா ரெண்டரை மணி நேரப் படம் 226 வருது. வில்லிகளுக்கு ஏன் கண்ணை உருட்டவே நேரம் சரியா இருக்குன்னு இப்பத்தான் எனக்கு விளங்குது.

கிண்டல் இருக்கட்டும். இவ்வளவு எபிசோடு எப்படி முடிஞ்சுதுன்னு இன்ஜினீயரிங் மூளையோட பார்த்தா ஒரு விஷயம் தெரியும். எந்த லைன்லயும் ஒரு மெஷின்தான் மொத்த வேகத்தையும் தீர்மானிக்கும். பாட்டில்நெக்னு புரொடக்‌ஷன் பாடத்துல உருப் போட்டிருப்பீங்க. தினசரி சீரியல்ல அது ஹீரோயினோட கால்ஷீட். அவங்க வரலைன்னா லைட்மேன்லருந்து சமையல்காரர் வரைக்கும் சும்மா உட்காரணும், பேட்டா மட்டும் ஓடும். ஹீரோயினே முதலாளியா இருந்தா? அந்த மெஷின் பிரேக்டவுன் ஆகவே ஆகாது. முப்பத்தேழு வயசுல ஒரு ஹீரோவுக்கு டூயட் ரெடியா இருக்கும், ஹீரோயினுக்கு அக்கா வேஷம் ரெடியா இருக்கும். அந்த முப்பத்தேழுலதான் இவங்க ஒரு லைனையே சொந்தமா ஓட்டினாங்க. (தனித்தமிழ் கண்ட மறைமலையடிகள் பேர்ல இருக்கிற ஊர்ல உட்கார்ந்துக்கிட்டு கால்ஷீட், பேட்டா, பாட்டில்நெக்னு எழுதுறேன். பெரியவர் கண்ணுல படாம இருக்கணும்.)

இதுக்கு இன்னொரு பக்கமும் இருக்கு. ஒரே மெஷினை நம்பின லைன், அது நகர்ந்தா ஆட்டம் காணும். 2020-ல 'சித்தி 2' ஆரம்பிச்சாங்க. கொஞ்ச நாள்லயே கொரோனா வந்து ஷூட்டிங் நின்னுச்சு. 2021-ல அரசியலுக்காக ராதிகா சீரியலை விட்டு விலகினாங்க. அவங்க இல்லாம கதை 2022 வரைக்கும் நடந்து முடிஞ்சுது. அந்த 2022-லதான் எங்க ஊர் ஃபோர்டுலயும் கடைசி கார் வெளியே வந்துச்சு. அரசியல்ல 2024-ல விருதுநகர்ல நின்னு தோத்தாங்க, அது வேற சப்ஜெக்ட்.

கதைகள் மேலயும் எனக்குப் புகார் உண்டு. நல்லவளுக்கு எப்பவும் பொறுமை, கெட்டவளுக்கு எப்பவும் லிப்ஸ்டிக். கதையில ராணி தன் வீட்டைக் காப்பாத்த எத்தனை வருஷம் கண்ணீர் விட்டா! அந்த நேரத்துல அவளா நடிச்சவங்க விளம்பர ரேட் பேசிக்கிட்டிருந்தாங்க. அந்த ரேட் பேசுற பொம்பளையைப் பத்தி ஒரு சீரியல் எடுத்திருந்தா நான் தினமும் பார்த்திருப்பேன்.

இப்போ சாயங்காலம் ஒரகடம் பக்கமிருந்து திரும்புற கம்பெனி பஸ்ல ஏறினா, ஷிஃப்ட் முடிஞ்ச அக்காங்க சிலர் போன்ல சீரியல் பார்த்துக்கிட்டு வருவாங்க. ஒன்பதரை மணி அவங்களுக்கு ஒத்து வராது, காலையில ஆறு மணி ஷிஃப்டுக்கு நாலரைக்கே எழணும். போன வாரம் எட்டிப் பார்த்தேன், 'வாணி ராணி'. ராடானோட யூடியூப் சேனல்ல ஓடுது. முடிஞ்சு இத்தனை வருஷம் ஆன பொருள் இன்னும் கடையில இருக்கு, கல்லாவும் கடைக்காரம்மா கிட்டயே இருக்கு.

இதை ஏன் இவ்வளவு நீட்டி முழக்குறேன்னா, நம்ம காலேஜ்கள்ல இப்போ பாதிப் பேர் டைரக்டர், மீதிப் பேர் எடிட்டர். ஹாஸ்டல் ரூம்லயே வெப்சீரிஸ் தயாராகுது. தெரிஞ்ச சீனியர் ஒருத்தர் பத்து எபிசோடு எழுதி, மூணு எடுத்தும் முடிச்சுட்டார். ஒரு யூடியூப் சேனல் கூப்பிட்டிருக்கு. எபிசோடுக்கு எவ்வளவு தர்றாங்க, எத்தனை நாள்ல முடிக்கணும், யார் எடிட்னு எல்லாம் பேசியாச்சாம். "எடுத்து முடிச்ச பிறகு அது யாருக்குச் சொந்தம்ணே? தெலுங்குல டப் பண்ணினா உங்களுக்கு என்ன வரும்?"னு கேட்டேன். டீயைக் கீழே வெச்சுட்டு அக்ரிமென்ட் பி.டி.எஃப்.பை போன்ல திறந்தார். பதினோரு பக்கம். ஏழாவது பக்கத்துல 'உரிமைகள்'னு ஒரு பாரா இருக்கு. திங்கட்கிழமை அவங்களுக்கு போன் போட்டு அதைப் பத்திப் பேசப் போறாராம்.