பெயர் ஒப்புமை வம்சாவளி ஆகுமா?

விவிலியத்தில் தாவீது அரசனின் மெய்க்காவலராக வரும் கிரேத்தியர், கிரீட் தீவினர் என்பது பலர் கருத்து. ஒலி ஒப்புமை மட்டுமே அதற்குச் சான்றன்று. எசேக்கியேல், செப்பனியா ஆகிய நூல்கள் அவர்களைப் பெலிஸ்தரோடு சேர்த்தே கூறுகின்றன. பெலிஸ்தரின் தொடக்ககால மட்பாண்டங்களோ ஏஜியன் மரபைச் சார்ந்தவை. இவ்வளவு இருந்தும் அறிஞர்கள் 'பெரும்பாலும்' என்றே எழுதுகின்றனர்.

பாறசாலை, நெய்யாற்றின்கரை வட்டாரத்தை ஆண்ட ஆய் குலத்தைப் பற்றிய விவாதங்களில் இந்த நிதானம் காணப்படுவதில்லை. ஆய் என்பதை ஆயரோடும் ஆயரை யாதவரோடும் இணைத்து, பாலியம் செப்பேட்டின் விருஷ்ணி குலப் புகழ்ச்சியை வரலாறாகவே கொள்கின்றனர். அடுத்து, அவர்கள் தமிழரா மலையாளிகளா என்ற வழக்கு எழுகிறது.

கி.பி. 866ஆம் ஆண்டுப் பார்த்திவசேகரபுரச் செப்பேடு தரும் சான்று வேறு வகையானது. கருநந்தடக்கன் முஞ்சிறைச் சபையாருக்கு மாற்று நிலம் அளித்து உழக்குடிவிளையைப் பெற்றான். அங்கே திருமால் கோயிலும் 95 சட்டர்களுக்கான சாலையும் நிறுவினான். அந்த 'விளை' இன்றும் குமரி மாவட்ட ஊர்ப்பெயர்களில் வழங்குகிறது. எல்லைக்கு அப்பால், பாறசாலையை அடுத்த இஞ்சிவிளையிலும் வழங்குகிறது. 1956இல் வகுக்கப்பட்ட மாநில எல்லை அச்சொல்லைப் பிரிக்கவில்லை.

குலப்பெயர் அரசவையின் உரிமைக்கோரல். நிலப்பெயர் உழுதவர் நாவில் நிலைத்த வழக்கு. இரு மாநில ஊர்களின் விளைகளையும் ஒரே தொகுப்பாகத் திரட்டுவதே முதற்பணி. வம்சாவளி அதன்பின் பேசப்படட்டும்.