அண்ணாவும் பையாவும்

தமிழில் மூத்த சகோதரனை அண்ணா என்று அழைப்பார்கள். இந்தியில் அதே உறவுக்குப் பையா என்று பெயர். இரண்டும் மரியாதைச் சொற்கள். ஆனால் மகாராஷ்டிரத்தின் தொழிற்பேட்டைகளில் இவற்றுக்கு வேறொரு உபயோகமும் உண்டு. தெற்கிலிருந்து வந்தவன் என்றால் ‘அண்ணா’. உத்தரப் பிரதேசத்திலிருந்தோ பீகாரிலிருந்தோ வந்தவன் என்றால் ‘பையா’. ஆளின் பெயரைக் கேட்கும் சிரமம்கூட வேண்டியதில்லை. உறவைக் குறிக்கும் சொல்லே அந்நியனைக் குறிக்கும் முத்திரையாகிவிட்டது.

சாகணில் காலை ஷிப்டு பஸ்ஸுக்குக் காத்து நிற்கும் தமிழ்த் தொழிலாளிக்கு இது புதிய அனுபவமல்ல. அடித்தால் போலீசில் புகார் கொடுக்கலாம். சம்பளம் பிடித்தால் யூனியனில் சொல்லலாம். பெயர் சொல்லி அழைக்காததை யாரிடம் போய்ச் சொல்வது? வாடகைக்கு அறை கேட்டுப் போனால், “மதராசியா?” என்று ஒரு கேள்வி. கேண்டீனில் அவன் பேச்சை மற்றொருவன் கேலியாக நடித்துக் காட்டினால் ஒரு மேஜையே சிரிக்கிறது. “சின்ன விஷயம், பெரிது பண்ணாதே” என்பதுதான் ஊரிலிருந்து முன்பே வந்தவர்களின் புத்திமதி. விஷயம் சின்னதுதான். ஆனால் தினமும் நடப்பது.

பம்பாய் தரும் பாடம்

இந்தச் சின்ன விஷயம் பெரிதாக வளர்ந்த வரலாறும் இதே மாநிலத்தில் இருக்கிறது. 1966 ஜூன் 19-ல் பால் தாக்கரே சிவசேனையைத் தொடங்கினார். அவருடைய ‘மார்மிக்’ வார இதழ், பம்பாய் கம்பெனிகளில் பதவியில் இருந்த தென்னிந்தியர்களின் பெயர்களைப் பட்டியல் போட்டு வெளியிட்டது. லுங்கி கட்டியவனை விரட்டு என்ற கோஷம் தெருவில் கேட்டது. உடுப்பி ஹோட்டல்கள் தாக்கப்பட்டன. டைப்ரைட்டர் முன் உட்கார்ந்திருந்த தமிழ்க் குமாஸ்தாவும், தாராவியில் தோல் பதனிட்ட தமிழ்த் தொழிலாளியும் ஒரே நாளில் மதராசியானார்கள்.

மராத்தியரின் குறை முழுவதும் கற்பனை என்று சொல்வது நியாயமாகாது. நூற்றுக்கு மேற்பட்டோர் உயிர் கொடுத்த கிளர்ச்சிக்குப் பின்னரே 1960 மே 1-ல் மகாராஷ்டிரம் பிறந்தது. தலைநகரம் கிடைத்தது, அந்நகரின் மூலதனமும் ஆபீஸ் உத்தியோகங்களும் பெரும்பாலும் வேறு கைகளில் இருந்தன. மனக்குமைச்சல் இயற்கையே. ஆனால் கோபம் முதலாளியிடம் போகாமல் குமாஸ்தாவிடம் திருப்பிவிடப்பட்டது.

அதன் பலன் என்ன? 1982 ஜனவரி 18-ல் டாக்டர் தத்தா சாமந்த் தலைமையில் ஏறக்குறைய இரண்டரை லட்சம் மில் தொழிலாளர்கள் வேலைநிறுத்தம் செய்தார்கள். பெருவாரியானவர்கள் மராத்தியர்கள். போராட்டம் நசிந்தது, மில்கள் ஒவ்வொன்றாக மூடப்பட்டன, பரேல் பகுதியில் மில் நின்ற இடங்களில் இன்று அடுக்குமாடிக் கட்டிடங்களும் அங்காடிகளும் நிற்கின்றன. மராத்தித் தொழிலாளியின் பிழைப்பு பறிபோனது உண்மை. ஆனால் பறித்தவர் பட்டியலில் மதராசிக் குமாஸ்தாவின் பெயர் இல்லை.

மொழியே ஆயுதமானால்

மதராசி போன பின்பு பையா வந்தார். 2008 அக்டோபரில் ரயில்வே தேர்வு எழுத மும்பைக்கு வந்த வடநாட்டு இளைஞர்கள் அடித்து விரட்டப்பட்டார்கள். 2025-ல் மும்பையை அடுத்த மீரா ரோட்டில் ஓர் இனிப்புக் கடைக்காரர், மராத்தி பேசவில்லை என்பதற்காகக் கன்னத்தில் அறையப்பட்டார்.

அதே ஆண்டு, ஒன்றாம் வகுப்பிலிருந்தே இந்தியை மூன்றாம் மொழியாக்கும் உத்தரவை எதிர்த்து மராத்தியர் கிளர்ந்தார்கள். ஜூன் இறுதியில் சர்க்கார் உத்தரவை வாபஸ் பெற்றது. 1965-ஐ நினைவில் வைத்திருக்கும் தமிழர் எவரும் அந்தக் கிளர்ச்சியின் நியாயத்தை உணர்வார்கள். மொழியைக் காப்பது வேறு, அதைக் கொண்டு மனிதனை அடிப்பது வேறு.

மொழியை வடிகட்டியாக்கும் வித்தையில் கைதேர்ந்த நாடு ஒன்று உண்டு. ஆஸ்திரேலியா 1901-ல் ஒரு குடியேற்றச் சட்டம் செய்தது. கறுப்பர், ஆசியர் வரக்கூடாது என்று அதில் ஒரு வரிகூட இல்லை. வருகிறவர், அதிகாரி வாசிக்கும் 50 சொற்களை ஓர் ஐரோப்பிய மொழியில் பிழையின்றி எழுத வேண்டும், அவ்வளவுதான். எந்த மொழி என்பது அதிகாரியின் இஷ்டம். 1934-ல், போரையும் பாசிசத்தையும் எதிர்த்துப் பேச வந்த பிராக் நகரப் பத்திரிகையாளர் ஏகான் கிஷ் பல மொழிகள் அறிந்தவர். ஆகவே ஸ்காட்லாந்தின் கேலிக் மொழியில் அவருக்குப் பரீட்சை வைத்தார்கள்! அது சட்டம் கூறும் ஐரோப்பிய மொழியே அல்ல என்று அந்நாட்டு உயர்நீதிமன்றம் தள்ளிவிட்டது. தேறுவதற்காக வைத்த பரீட்சை அல்ல அது, தோற்பதற்காகவே வைத்தது.

அந்தப் பரீட்சை 1958-ல் ஒழிந்தது. 1975-ல் இனப்பாகுபாட்டைத் தடுக்கும் சட்டமும் வந்தது. ஆனால் சட்டம் வந்தவுடன் தெரு மாறிவிடுவதில்லை. 2009-ல் மெல்போர்னில் இந்திய மாணவர்கள் தாக்கப்பட்டார்கள். 2025 ஆகஸ்ட் 31-ல் பல நகரங்களில் குடியேற்ற எதிர்ப்பு ஊர்வலங்கள் நடந்தன. அவற்றுக்கான பிரசாரத்தில் இந்தியர்களையே பெயர் சொல்லிக் குறிவைத்தார்கள். அச்செய்தியைப் படித்து இந்தியாவெங்கும் பலர் கொதித்தார்கள். மீரா ரோட்டில் விழுந்த அறைக்கும் அதே அளவு கொதித்தார்களா என்பது கேட்க வேண்டிய கேள்வி.

திருப்பூரின் முறை

அதைவிடக் கசப்பான கேள்வி ஒன்று தமிழருக்கே உரியது. சாகணில் மதராசி என்று கேட்டு மனம் நொந்தவரின் தம்பி திருப்பூரிலோ கோவையிலோ வேலை பார்க்கக்கூடும். பக்கத்துத் தறியில் நிற்கும் பீகார் இளைஞனை அவர் எப்படிக் கூப்பிடுகிறார்? ‘வடக்கன்’ என்றுதானே? 2023 மார்ச்சில், தமிழ்நாட்டில் பீகார்த் தொழிலாளர்கள் தாக்கப்படுவதாகப் பொய்யான வீடியோக்கள் பரவின. போலீஸ் அவற்றைப் பொய் என்று நிரூபித்தது. பீகார் அதிகாரிகள் குழுவும் நேரில் வந்து பார்த்துத் திருப்தி தெரிவித்தது. ஆயினும் அஞ்சி ரயில் ஏறியவர்கள் உண்டு. ‘வடக்கன்’ என்ற சொல் அன்றாடம் காதில் விழாதிருந்தால் அந்த வதந்தியை அவ்வளவு எளிதில் நம்பியிருப்பார்களா?

சாகணின் நிலைமையையும் பார்க்க வேண்டும். வெங்காயச் சந்தைக்குப் பேர்போன இந்தப் பகுதியில் தொழிற்பேட்டைக்காக நிலம் கொடுத்தவர்கள் மராத்தி விவசாயிகள். அந்த விவசாயியின் மகனும், தென்காசியிலிருந்து வந்த பிட்டரும், பீகாரிலிருந்து வந்த ஹெல்பரும் காண்டிராக்டரின் கேட்டில் ஒரே வரிசையில்தான் நிற்கிறார்கள். 240 நாள் பூர்த்தியாகும் முன்பு கணக்கை முடித்து அனுப்பும் வழக்கம் மூவருக்கும் பொது. ஒருவன் பேச்சை மற்றவன் கேலி செய்துகொண்டிருக்கும்வரை காண்டிராக்டருக்குக் கவலையில்லை. மூவரும் சம்பளச் சீட்டையும் பி.எப். எண்ணையும் பக்கத்தில் வைத்து ஒப்பிட்டுப் பார்க்கிற அன்றுதான் அவருக்குக் கவலை தொடங்கும்.

மராத்தி கற்பது தமிழருக்குக் கஷ்டமான காரியம் அல்ல. தஞ்சையை மராத்திய மன்னர்கள் ஆண்ட காலத்தில் அங்கே இரு மொழிகளும் பக்கத்துப் பக்கத்தில் வாழ்ந்தன. அடிக்குப் பயந்து கற்பது அவமானம். பக்கத்து அறைக்காரனோடு பேசுவதற்காக, வேலைநிறுத்த நோட்டீசை வாசிப்பதற்காகக் கற்பது புத்திசாலித்தனம். அதோடு, ஊருக்குப் போன் செய்யும்போது ‘வடக்கன்’ என்ற சொல் காதில் விழுந்தால், “அவனுக்கும் ஒரு பெயர் இருக்கும், கேட்டுப் பார்” என்று சொல்லும் துணிவும் வேண்டும். தன் பெயரால் அழைக்கப்பட வேண்டும் என்று சாகணில் கேட்கிற உரிமை, திருப்பூரில் அதைக் கொடுப்பவருக்கே உண்டு.