தாங்காவில் தோற்றவர்களுக்கும் ஓர் அறை

பாளையங்கோட்டை அரசு அருங்காட்சியகத்தில் ஓர் அறையை 63-ஆவது பாளையங்கோட்டை லைட் இன்ஃபன்ட்ரிக்கு ஒதுக்க வேண்டும். ஊரின் பெயரைச் சுமந்து முதல் உலகப் போருக்குப் போன காலாட்படை அது. இப்படியொரு பட்டாளம் இருந்ததே இன்று பாளையில் பலருக்குத் தெரியாது.

தெரியாமல் போனதற்கு ஒரு காரணம், அது தோற்ற பட்டாளம். 1914 நவம்பரில், இன்றைய தான்சானியாவின் தாங்கா துறைமுகத்தில் இறங்கிய சுமார் 8,000 பேர் கொண்ட பிரிட்டிஷ் இந்தியப் படையில் அதுவும் இருந்தது. எதிரே ஜெர்மானியத் தளபதி லெட்டோ-ஃபோர்பெக்கின் கீழ் ஏறத்தாழ ஆயிரம் பேர். பெரும்பாலோர் ஆப்பிரிக்க அஸ்காரி வீரர்கள். நவம்பர் 4 அன்று நடந்த சண்டையில் 63-ஆவது பிரிவு நிலைகுலைந்து ஓடியது. மறுநாள் மொத்தப் படையும் 16 இயந்திரத் துப்பாக்கிகளையும் ஆறு லட்சம் தோட்டாக்களையும் கரையிலேயே போட்டுவிட்டுக் கப்பலேறியது.

ஓடினார்கள், சரி. ஆனால் வாரக்கணக்கில் கப்பலில் அடைபட்டு வாடியவர்களைப் பழகாத புதர்க்காட்டில் இறக்கிவிட்டது யார்? தாக்குதலுக்கு முன்பே பிரிட்டிஷ் போர்க்கப்பல் கேப்டன் தாங்கா ஊருக்குள் போய் ஜெர்மானியரை எச்சரித்துவிட்டு வந்திருந்தார். தென்னாட்டுச் சிப்பாய்க்குப் போர்க்குணம் கிடையாது என்று ஜெனரல் ராபர்ட்ஸ் போன்றவர்கள் முடிவுகட்டி, சென்னைப் படையைப் பல ஆண்டுகள் ஓரங்கட்டியிருந்தார்கள். தோற்றதும் பழி மட்டும் சிப்பாய் தலையில் விழுந்தது. இவர்களைத் தூற்றியவர்களில் ஒருவர் உளவு அதிகாரி மைனர்ட்சாகன். அவருடைய நாட்குறிப்புகளில் கற்பனை கலந்திருப்பதைப் பிற்கால ஆய்வாளர்கள் காட்டிவிட்டார்கள். ஓடியவர்களின் வாக்குமூலத்தை மட்டும் யாரும் தேடவில்லை.

ஊமைத்துரையைச் சிறைவைத்த ஊரில் வெள்ளைக்காரன் பட்டாளத்துக்கு மரியாதையா என்ற கேள்வி வரும். நியாயமான கேள்விதான். அந்த அறை புகழ்மாடமாக இருக்கக் கூடாது என்பதே நம் பதில். கம்பெனிக்காகப் பாளையக்காரர்களை ஒடுக்கியதும் தென்னாட்டுச் சிப்பாய்கள்தான். அதையும் அதே சுவரில் எழுதி வைக்கலாம். அந்நாளைய சென்னைப் படையில் முஸ்லிம்களும் கிறிஸ்தவர்களும் பறையர் சமூகத்தினரும் கணிசமாக இருந்தார்கள். சோற்றுக்கும் சுயமரியாதைக்கும் துப்பாக்கி தூக்கியவர்களைத் துரோகி என்று ஒரே சொல்லில் தள்ளிவிட முடியாது. ஆப்பிரிக்க, இந்திய வீரர்கள் பலர் வெள்ளையருக்கு இணையாக நினைவுகூரப்படவில்லை என்று காமன்வெல்த் போர்க் கல்லறை ஆணையமே 2021-இல் மன்னிப்புக் கேட்டது. பாளைக்கு மட்டும் என்ன தயக்கம்?

தாமதிக்க நேரமில்லை. முதல் உலகப் போரின் பிரிட்டிஷ் மெடல் வெள்ளியால் ஆனது. அதன் விளிம்பில் சிப்பாயின் எண், பெயர், படைப்பிரிவு பொறிக்கப்பட்டிருக்கும். வெள்ளி விற்கிற விலையில், டிரங்குப் பெட்டியில் கிடக்கும் மெடல் அடகுக்கடை வழியாக உருக்குப் பட்டறைக்குப் போக எவ்வளவு நேரமாகும்? அதோடு ஒரு பெயரும் அழியும்.

பொருநைக்கு அருங்காட்சியகம் எழுப்பிய அரசுக்கு இது பெரிய செலவல்ல. மாவட்ட நிர்வாகம் முன்னாள் படைவீரர் நல அலுவலகங்கள் வழியாக அறிவிப்புக் கொடுத்து, மெடல்களையும் டிஸ்சார்ஜ் சான்றுகளையும் கடிதங்களையும் படமெடுத்துப் பதிவு செய்யட்டும். கொடுக்க மனமில்லாதவர்களிடம் பொருளைக் கேட்க வேண்டாம், படம் போதும். லண்டன் கியூ ஆவணக் காப்பகத்தில் இருக்கும் கிழக்கு ஆப்பிரிக்கப் போர் நாட்குறிப்புகளின் நகல்களை அருங்காட்சியகத் துறை வாங்கித் தமிழில் வெளியிட வேண்டும். வரும் நிதிநிலை அறிக்கையிலேயே இதற்கு ஒரு தொகை ஒதுக்கலாம்.