பேஸைக் குறைங்க பாஸ்!

இந்த வாரம் மெயில் பாக்ஸைத் திறந்ததும் ஒரு தம்பியோட புலம்பல்தான் முதல்ல கண்ணுல பட்டுச்சு. மூணாவது வருஷம் இன்ஜினீயரிங். நாலு பேர் சேர்ந்த பேண்ட். கையில ஒரு மல்டி எஃபெக்ட்ஸ் பெட்டி. அதுக்குள்ள இருக்கிற மெஸா பூகி ஆம்ப் மாடலைத் தேடிப்பிடிச்சு, ராத்திரி ரெண்டு மணி வரைக்கும் ஹாஸ்டல் ரூம்ல ஹெட்ஃபோனை மாட்டிக்கிட்டு திருகித் திருகி ஒரு டோன் செட் பண்ணியிருக்கார். கேட்டா சொர்க்கமாம். மறுநாள் ஜாம் ரூம்ல அதே டோனை வாசிச்சா, டிரம்ஸ் ஆரம்பிச்ச நிமிஷமே கிட்டார் காணாமப் போச்சு. சரின்னு வால்யூமை ஏத்தினா, பேஸ் கிட்டார் வாசிக்கிற நண்பன் 'நான் வாசிக்கிறது எனக்கே கேட்கலை, அப்புறம் நான் எதுக்குடா?'ன்னு கிட்டாரைப் பைக்குள்ள வெச்சுட்டானாம். கல்ச்சுரல்ஸுக்கு மூணே வாரம். 'என்ன செட்டிங் வைக்கணும், நம்பர் மட்டும் சொல்லுங்கண்ணே'ன்னு முடிச்சிருக்கார்.

நம்பர் சொல்றேன் தம்பி. ஆனா அதுக்கு முன்னாடி உங்க ஆம்ப் ஒரு வில்லங்கமான ஆசாமின்னு தெரிஞ்சுக்கோங்க. மத்த ஆம்ப்ல 'பேஸ்'னு எழுதியிருக்கிற நாபைத் திருகினா பேஸ் கூடும். மெஸா பூகி மார்க் வரிசையில லீட் சேனலைப் போட்டுட்டு அதைத் திருகினா, கூடுறது பேஸ் இல்லை, சகதி!

ஏன் இப்படின்னு புரியணும்னா, இந்த ஆம்ப் பொறந்த கதைக்குப் போகணும். 1960களோட கடைசி. அமெரிக்காவுல கலிஃபோர்னியா. ராண்டால் ஸ்மித்னு ஒருத்தர் ஆம்ப் ரிப்பேர் பண்ணிக்கிட்டிருந்தார். ஒரு கிட்டாரிஸ்ட் நண்பரைக் கலாய்க்கிறதுக்காக, ஃபெண்டர் பிரின்ஸ்டன்ங்கிற குட்டியூண்டு ஆம்பைக் கழட்டி, உள்ளே பெரிய ஆம்போட சமாசாரத்தையெல்லாம் திணிச்சார். வீட்ல பிராக்டீஸ் பண்றதுக்குன்னு செஞ்ச 12 வாட்ஸ் பெட்டி அது. வெளியே பார்த்தா அதே அப்பாவிப் பெட்டி. பிளக்கைச் சொருகினா மேடையே அதிரும். கடைக்கு வந்த கார்லோஸ் சன்டானா அதை வாசிச்சுப் பார்த்துட்டுப் பாராட்டினப்ப சொன்ன ஒரு வார்த்தைதான் 'பூகி'. பேர் அப்படியே ஒட்டிக்கிச்சு.

அடுத்து ஸ்மித் பண்ணினதுதான் நம்ம விஷயத்துக்கு முக்கியம். ஃபெண்டர் சர்க்யூட்ல முதல் வால்வைத் தாண்டின உடனே ட்ரெபிள், மிடில், பேஸ் மூணும் வந்துடும். கிளீன் சவுண்டுக்கு அது சரி. ஸ்மித் அந்த அமைப்பை அப்படியே வெச்சுக்கிட்டு, அதுக்குப் பின்னாடி இன்னும் வால்வுகளை வரிசையா சேர்த்தார். ஒரு வால்வு பெருசாக்கினதை அடுத்த வால்வு இன்னும் பெருசாக்கும், அது தாங்காம உடையும். அந்த உடையிற சத்தம்தான் நாம உயிரை விடுற டிஸ்டார்ஷன். ஆக, டோன் நாப்கள் மூணும் டிஸ்டார்ஷனுக்கு முன்னாடி உட்கார்ந்திருக்கு. மார்ஷல் ஜேசிஎம் 800 மாதிரி ஆம்ப்ல இது தலைகீழ். ப்ரீஆம்ப் டிஸ்டார்ஷன் முடிஞ்ச பிறகுதான் டோன் நாப். அதனாலதான் மார்ஷல்ல பழகின கை, பூகியில தடுமாறுது.

தோசை சுட்டுப் பார்த்திருந்தா இது சட்டுனு விளங்கிடும். மாவுல தண்ணி அதிகமாயிடுச்சுன்னா, அப்புறம் கல்லுல எவ்வளவு நெய் ஊத்தினாலும் முறுகல் வராது. டிஸ்டார்ஷனுக்கு முன்னாடி போற பேஸ் மாவுல கலக்கிற தண்ணி. கம்மியா இருந்தாத்தான் சவுண்ட் முறுகலா வரும். கீழ் ஸ்ட்ரிங்கை உள்ளங்கையால அமுக்கி வாசிச்சுப் பாருங்க. 'ஜக் ஜக்'னு வெட்டின மாதிரி வந்தா சரி. 'பொத் பொத்'னு ஈரச்சாக்கை அடிக்கிற மாதிரி வந்தா தண்ணி ஜாஸ்தி. லீட் சேனல்ல பேஸை ஒண்ணுலேயோ ரெண்டுலேயோ வைங்க. ஏன், ஜீரோவுல வெச்சாலும் குடி முழுகிடாது. இது நானா விடுற கதை இல்லை, கெயின் ஏற ஏற பேஸைக் குறைன்னு கம்பெனி மேனுவலே சொல்லுது.

ட்ரெபிள் இன்னும் தில்லாலங்கடி. மூணுல அதுதான் முதல்ல நிக்குது. அது வழியாத்தான் சிக்னல் உள்ளே போகணும். அதனால ட்ரெபிளை ஏத்தினா சவுண்ட் பளிச்சுனு ஆகிறதோட கெயினும் சேர்ந்து ஏறும். ரொம்ப ஏத்திட்டா, பேஸும் மிடிலும் பேருக்குத்தான் இருக்கும், திருகினாலும் பெருசா வித்தியாசம் தெரியாது. ரொம்பக் குறைச்சா சவுண்டே போர்வைக்குள்ள படுத்துக்கும். நம்பிக்கை இல்லைன்னா மூணு நாபையும் ஜீரோவுல வெச்சுட்டு ஸ்ட்ரிங்கைத் தட்டுங்க. கிட்டத்தட்ட சத்தமே வராது. 'ஆம்ப் அவுட்டு'ன்னு பதறிடாதீங்க, சர்க்யூட்டே அப்படித்தான்.

'அப்ப கனமான சவுண்டு எங்கேருந்துண்ணே வரும்?'னு கேட்பீங்க. அதுக்குத்தான் முன்பக்கம் அஞ்சு ஸ்லைடர். 80, 240, 750, 2200, 6600 ஹெர்ட்ஸ். இந்த கிராஃபிக் ஈக்யூ டிஸ்டார்ஷன் முடிஞ்ச பிறகு வருது. தோசை முறுகலா வெந்தாச்சு, இப்ப நெய்யை ஊத்துங்க. முன்னாடி வெட்டின பேஸை இங்கே 80-ல கொஞ்சம் ஏத்தி வாங்கிக்கலாம், சகதி ஆகாது. மார்க் ஆம்ப்ல நல்ல டோன் வாங்கிற வித்தையில முக்கால்வாசி இவ்வளவுதான்: முன்னாடி வெட்டு, பின்னாடி சேர். மெட்டாலிகா 1986-ல வெளியிட்ட மாஸ்டர் ஆஃப் பப்பெட்ஸ் ஆல்பத்துல கேட்கிற அந்த ரம்பம் மாதிரியான ரிதம் கிட்டாருக்குப் பின்னாடி இருக்கிறது மார்க் டூ சி ப்ளஸ். அது 1980களோட நடுவுல வந்த மாடல். கம்பெனியை 2021-ல கிப்ஸன் வாங்கிட்டாங்க; 2024-ல அந்தப் பழைய மாடலை மறுபடியும் புதுசா இறக்கினாங்கன்னா அதுக்கு எவ்வளவு கிராக்கின்னு பார்த்துக்கோங்க.

ஆனா இந்த ஸ்லைடர்ல ஒரு கண்ணி இருக்கு. அஞ்சையும் 'வி' எழுத்து மாதிரி வெச்சு, நடுவுல இருக்கிற 750-ஐ அடியோட இழுத்துட்டா, ரூம்ல தனியா வாசிக்கும்போது பிரமாதமா இருக்கும். நம்ம தம்பி விழுந்தது இந்தக் கண்ணியிலதான்னு பந்தயமே கட்டுவேன். சத்தம் கம்மியா இருக்கும்போது நம்ம காதுக்கு அடிப் பக்கமும் உச்சிப் பக்கமும் சரியாக் கேட்காது. ஃப்ளெட்சர், மன்சன்னு ரெண்டு பேர் 1933-லேயே அளந்து காட்டின விஷயம் இது. அதனால ராத்திரி மெதுவா வெச்சுக் கேட்கிறப்ப, நம்மை அறியாமலே ரெண்டு பக்கமும் ஏத்திடுவோம். ஜாம் ரூம்ல அதே செட்டிங் சத்தமா ஒலிக்கிறப்ப காது ரெண்டையும் முழுசாக் கேட்க ஆரம்பிச்சிடும். அடியில ஒரே குமுறல், மேலே ஒரே கீச்சு. நடுவுல? ஒண்ணுமில்லை, அதைத்தான் நீங்களே வெட்டிட்டீங்களே!

அடியில என்ன நடக்குதுன்னும் பாருங்க. கிட்டாரோட கீழ் ஈ ஸ்ட்ரிங் 82 ஹெர்ட்ஸ். பேஸ் கிட்டாரோட கீழ் ஈ அதுல பாதி, 41. ஆனா அந்த 41 மட்டும் தனியா வராது, அதோட மடங்குகளும் கூடவே வரும். முதல் மடங்கு என்ன? அதே 82! நீங்க 80 ஸ்லைடரை மேல வரைக்கும் தள்ளினா, உங்க நண்பன் உட்கார்ந்திருக்கிற சீட்லேயே நீங்களும் ஏறி உட்கார்றீங்கன்னு அர்த்தம். கிக் டிரம்மும் அந்த ஏரியாவுலதான் குடித்தனம். 240 பக்கம் இன்னும் நெரிசல். மேலே 6600 பக்கம் போனா சிம்பல்ஸ் காத்துக்கிட்டிருக்கு. கிட்டாருக்குன்னே காலியா இருக்கிற இடம் நடுப்பகுதிதான். அதை விட்டுட்டு அடுத்தவன் சீட்டுக்குச் சண்டை போட்டா, பாவம் பேஸ் வாசிக்கிறவன் கோவிச்சுக்காம என்ன பண்ணுவான்?

'மெட்டாலிகா மட்டும் நடுவுல வெட்டலாமா?'ன்னு மடக்காதீங்க. ரெக்கார்டுல ஒரே ரிதம் பார்ட்டைத் திரும்பத் திரும்ப வாசிச்சு ஒண்ணு மேல ஒண்ணா அடுக்குவாங்க. அந்த அடுக்குதான் நீங்க கேட்கிற சுவர் மாதிரியான கனம். ஸ்டேஜ்ல நீங்க ஒத்தை ஆள். கெயினுக்கும் இதே கணக்குதான். கெயின் கூடக் கூட சவுண்ட் அமுங்கி, ஓங்கி அடிச்சாலும் மெதுவா அடிச்சாலும் ஒரே மாதிரி ஆயிடும், பேண்டுக்குள்ள பின்னாடி போயிடும். ரூம்ல பிடிச்ச அளவுலேருந்து கொஞ்சம் இறக்கிட்டு வாங்க. விரலுக்கு வேலை அதிகமாகும், தப்பு வாசிச்சா பளிச்சுனு தெரியும். பரவாயில்லை, மூணு வாரம் இருக்குல்ல?

சரி, கேட்ட நம்பர். பத்துக்குத்தான் கணக்கு. வால்யூம் 1 ஏழு. இது பேருக்குத்தான் வால்யூம், உண்மையில முதல் கெயின். ட்ரெபிள் ஏழு. பேஸ் ஒண்ணு. மிடில் நாலு. லீட் டிரைவ் ஆறு. பிரசன்ஸ் நாலு. நிஜ ஆம்ப்ல சில நாப்களை வெளியே இழுத்தா 'பிரைட்', 'டீப்'னு ஸ்விட்ச் மாதிரி வேலை செய்யும், முதல்ல எல்லாத்தையும் உள்ளே தள்ளிடுங்க. ஸ்லைடர் அஞ்சும் நடுக்கோட்டுல இருக்கட்டும். பேண்டோட சேர்ந்து வாசிச்சுக்கிட்டே 80-ஐ ஒரு துளி மேலே, 750-ஐ ஒரு துளி கீழே, 2200-ஐ ஒரு துளி மேலே கொண்டு போங்க. 'ஒரு துளி'ங்கிறதுக்கு அடிக்கோடு போட்டுக்கோங்க. சன்டானா மாதிரி பாடுற லீட் வேணும்னா 750-ஐ வெட்டவே வேணாம், கழுத்துப் பக்கத்து பிக்கப்பைப் போட்டு கிட்டார்ல டோன் நாபைக் குறைச்சாலே பாதி தூரம் வந்துடும். அதே ஆம்ப்தான், ஆனா சத்தியமா வேற ஆள் வாசிக்கிற மாதிரி இருக்கும்.

டூ சி ப்ளஸ், மார்க் த்ரீ மாதிரி பழைய மாடல்கள்ல இன்னொரு தலைவலி. கிளீனுக்கும் லீடுக்கும் ஒரே ட்ரெபிள், ஒரே மிடில், ஒரே பேஸ். லீடுக்காக பேஸை ஒண்ணுல வெச்சா கிளீன் ஒல்லியாயிடும். 2009-ல வந்த மார்க் ஃபைவ்ல மூணு சேனலுக்கும் தனித்தனியா நாப் குடுத்து இதைத் தீர்த்துட்டாங்க. உங்க பெட்டியில அதைவிட சுலபம், கிளீனுக்குன்னு தனியா ஒரு பேட்ச் போட்டுக்கலாம். ஒரே பாட்டுக்குள்ள மாத்தணும்னா, லீட்லேயே இருந்துக்கிட்டு கிட்டாரோட வால்யூமை ஆறுக்கு இறக்கிப் பாருங்க. டிஸ்டார்ஷன் நல்லாவே வடியும். இந்த நாப் ஒண்ணு கிட்டார்ல இருக்குங்கிறதே நிறையப் பேருக்கு ஞாபகம் இருக்கிறதில்லை!

கல்ச்சுரல்ஸ் அன்னிக்குக் கவனிக்க வேண்டியது ஒண்ணு. பெட்டியிலேருந்து நேரா மிக்சருக்குப் போனா, உள்ளே இருக்கிற கேபினெட் சிமுலேஷன் ஆன்ல இருக்கணும். இல்லைன்னா ஸ்பீக்கர்ல தேனீக்கூட்டம் பறக்கும். மேடையில வெச்சிருக்கிற கிட்டார் ஆம்ப்ல சொருகினா அதே சிமுலேஷனை ஆஃப் பண்ணிடுங்க. அந்த ஆம்ப்ல பின்னாடி ரிட்டர்ன் ஜாக் இருந்தா அதுல குடுங்க, அப்பத்தான் ஒரு ப்ரீஆம்புக்குள்ள இன்னொரு ப்ரீஆம்ப் போய் மாட்டாது. தரையில இருக்கிற ஆம்பைக் கணுக்காலை வெச்சுக் கேட்காதீங்க. ஒரு சேர் மேல தூக்கி வைங்க, இல்லைன்னா பின்னாடி சாய்ச்சு வைங்க. ஸ்பீக்கரோட கூர்மை நேரா முன்னாடி போறது. அது உங்க முழங்காலைத் தாண்டிப் போய் முதல் வரிசையில இருக்கிறவங்க காதைக் குத்துறது உங்களுக்குத் தெரியவே தெரியாது.

இனி அந்த பேஸ் நண்பன் விஷயம். அடுத்த பிராக்டீஸுக்கு டீ வாங்கிக் குடுத்தாவது கூட்டிட்டு வாங்க. நீங்களும் டிரம்மரும் அவரும் பாட்டோட கனமான பகுதியை வாசிங்க, முடிஞ்சா போன்ல ரெக்கார்ட் பண்ணிக்கோங்க. அப்புறம் அவர் கிட்டாரைக் கீழே வெச்சுட்டு உங்க பெட்டி முன்னாடி உட்காரட்டும். ரெக்கார்டை ஸ்பீக்கர்ல ஓட விட்டு எங்கே தன்னோட சவுண்ட் காணாமப் போகுதுன்னு அவரே சொல்லட்டும். 80, 240 ரெண்டு ஸ்லைடரும் அன்னிக்கு அவர் கையில. 'போதும்டா'ன்னு அவர் சொல்ற இடம் வரைக்கும் இறக்கிட்டு, மறுபடி வாசிச்சுப் பாருங்க. செட் ஆனதும் மறக்காம சேவ் பட்டனை அமுக்குங்க.